கலங்கரை விளக்கம் இரண்டு தடவை

பெயரைக் கூப்பிடும்வரை அவளால் உட்கார முடியவில்லை.

எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். பையைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டும் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தன. ஐந்து நிமிஷத்துக்கு முன்னாலும் இருந்தன.

அவள் வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கென்ன.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமல் ஆப்பிரிக்காவின் அக்ராவுக்குள் விடமாட்டார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். விமானத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்த ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள்தான் ஊசி.

இன்றைக்கு விட்டால் போச்சு.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு யாராவது அக்ராவைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுவார்களா? பக்கத்து வீட்டில் இலங்கை போனார்கள். எதிர்வீட்டில் சிங்கப்பூர். இவர் ஓய்வு பெற்றதும், "நாமளும் எங்கயாச்சும் போயிட்டு வருவோம்" என்றார்.

அவள் அக்ரா என்றாள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கடலைப் பார்த்த ஊர், நாலு நாள் போதும் என்றாள்.

எதற்கு அந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் செண்பாவின் பெயர் வந்துவிடுமே.

செண்பகவல்லி அங்கேதான் இருக்கிறாள். ஒரே மகள். பெங்களூரில் கூட வேலை பார்த்த அக்ராக்காரனைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. "எனக்கு மகளே கெடையாது" என்று அன்றைக்குச் சொன்ன மனுஷன், அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

திட்டத்தை அவள்தான் போட்டாள். காலண்டர் தாளின் பின்பக்கம்.

முதல் நாள் கடற்கரை, கலங்கரை விளக்கம். இரண்டாம் நாள் பெரிய சந்தை. மூன்றாம் நாள் மறுபடியும் கலங்கரை விளக்கம். நாலாம் நாள் ஊருக்கு வெளியே மலைத் தோட்டம்.

"அதென்ன, வெளக்கம் ரெண்டு தடவ?"

"மொத நாளு கீழ நின்னு பாக்க. அப்புறம் மேல ஏற."

"ஏறுவ, ஏறுவ" என்றார். அவள் முழங்காலைப் பார்த்துச் சொன்னார்.

செண்பாவின் வீடு அதற்குப் பின்தெரு. மூன்றாம் நாள் எப்படியாவது அந்த வாசல் வரைக்கும் இவரை நடத்திக் கூட்டிப் போய்விட வேண்டும். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் பயமாக இருந்தது.

குழந்தை பிறந்ததையும் அவரிடம் சொல்லவில்லை.

தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள், அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அழுதாள். இதைப் போய் இவரிடம் சொல்லி, இவர் எதையாவது பேசி, கிளம்புவதும் கெட்டுப்போனால்? வாயை மூடிக்கொண்டாள். மகளோடு பேச்செல்லாம் மொட்டைமாடியில், துணி காயப்போடுகிற சாக்கில்தான். அவர் கீழே வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்னப் பெண். செண்பா வயதுதான் இருக்கும். படிவத்தை மேலிருந்து கீழே படித்தாள்.

பயணத்தின் காரணம் என்ற இடத்தில், 'சுற்றிப் பார்க்க' என்று இருந்தது. அவர் கையெழுத்து. பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்.

"சாருக்கு அறுபத்தி நாலு ஆகுது. அறுபதுக்கு மேல இந்த ஊசி சில பேருக்கு ஒத்துக்காது. ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்தா பெருசா வந்துரும். கண்டிப்பா போயாகணும்னா போடலாம். சும்மா ஊர் பாக்கத்தானே? எதுக்கு சார் ரிஸ்க்? அம்மா மட்டும் வேணா போயிட்டு வரட்டுமே."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

இதைவிட நல்ல சாக்கு இவருக்குக் கிடைக்குமா? டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, நீ போயிட்டு வா என்று கையைக் கழுவிவிடுவார். உண்மையைச் சொன்னால் வாயா வெந்துவிடும்? ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலைங்களேன்.

அவளே சொல்லிவிடலாம். நாக்கு வரை வந்தது. வெளியே வரவில்லை.

அவர் எழுந்தார்.

அவள் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். போச்சு, கிளம்பிவிட்டார்.

கிளம்பவில்லை. நின்றபடியே இடது கைச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"போயாகணும்மா" என்றார்.

"அங்க சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா சார்?"

"இவ மக இருக்கா."

டாக்டர் அவளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இவங்க மகள்னா... உங்களுக்கு?"

அடப்பாவி மனுஷா. இந்த இடத்திலுமா?

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். முழங்கைக்கு மேலே ஏறிய பிறகும் சுருட்டினார்.

"எனக்குப் பேத்தி இருக்கா" என்றார். "இன்னைக்கு இருபத்தி மூணாவது நாளு."

டாக்டர் சிரித்துவிட்டாள். படிவத்தை அவர் பக்கம் திருப்பி, காரணத்தை மாற்றி எழுதச் சொன்னாள். அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அவள் கணக்கில் இருபத்திரண்டு.

சேலைத் தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டு விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறந்த நாளையும் சேர்த்தல்லவா எண்ண வேண்டும். அவள் அதை விட்டிருந்தாள்.

அவர் சொன்னதுதான் சரி.