சாயங்கால வயிற்று வலி

"தொடாதே! என்னைத் தொடாதே! நீ போ!"

வாண்டு போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் ஒருமுறை திறந்து மூடியது.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். கட்டில் மூலையில் ஒண்டிக்கொண்டு, கிட்டே வந்த அம்மாவைக் காலால் உதைத்தாள்.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி வீட்டுக்கு அவள் வந்து ஒரு வாரமாகிறது. வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். தம்பி மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கைகால் கழுவினாளோ இல்லையோ, வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். "வலிக்குது" என்பாள். சரி, என்னவென்று பார்க்கலாம் என்று அம்மா கிட்டே வந்தால் தொட விடமாட்டாள்.

"டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குத் தினமும் வயித்து வலி. நாலு பேர் கேட்டா சிரிக்க மாட்டாங்க?" என்றாள் நாத்தனார்.

தம்பி மனைவி முதல் நாள் வாண்டின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கடிதான் கிடைத்தது. அப்புறம் நாலைந்து நாள் கெஞ்சிப் பார்த்தாள், அதுவும் பலிக்கவில்லை. இன்றைக்கு என்ன தோன்றியதோ, பேசாமல் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள். அதைத் தன் முழங்காலிலேயே வைத்து, ரொம்ப அக்கறையாகக் காது கொடுத்துக் கேட்டாள்.

"அடடா! உள்ளே யாரோ குறட்டை விடறாங்களே!"

கூச்சல் சட்டென்று நின்றது.

"யாரு?"

"தெரியலையே. உன் வயித்துக்குள்ள இருக்கறவங்களைக் கேட்டாத்தான் தெரியும்."

வாண்டு மெல்ல மெல்ல நகர்ந்து வந்தாள். சட்டையைத் தானே தூக்கிக் காட்டினாள். வயிறு, மார்பு, முதுகு எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றுமில்லை.

சமையலறையில் வைத்து நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

"இது வயித்து வலி இல்லம்மா, அம்மா ஏக்கம். உனக்குத் தெரியலையா, இல்ல தெரியாத மாதிரி இருக்கியா?"

"அண்ணி..."

"நான் பேசி முடிச்சுடறேன். கல்யாணம் ஆச்சு, பிள்ளையும் பெத்துக்கிட்டே, அதுக்கு நடுவுல டாக்டருக்கும் படிச்சே. சந்தோஷம். அதோட விட்டியா? குழந்தை டாக்டர்தான் ஆவேன்னு இன்னொரு படிப்பு. அதுலயும் போன தடவை கோட்டை விட்டாச்சு. நாளைக்கு மறுபடியும் பரீட்சைங்கறே. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் நீ பார்த்துப்பே. உன் பிள்ளையை யாரு பார்க்கறது?"

நாத்தனார் பொல்லாதவள் இல்லை. உள்ளூர அவளுக்குத் தம்பி மனைவியிடம் பிரமிப்புகூட உண்டு. கைக்குழந்தையான சின்னவனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே தலையணை மொத்தப் புத்தகத்தைப் படிக்கிறாள். குக்கர் சத்தத்துக்கு நடுவே வாயில் நுழையாத வியாதிப் பெயர்களை முணுமுணுக்கிறாள். ட்யூட்டி முடித்து வந்த கையோடு பெண்ணுக்குத் தலை பின்னுகிறாள். தன்னால் இதில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்று நாத்தனாருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தொண்டை கிழியக் கத்துகிற குழந்தையைப் பார்த்த பிறகு பிரமிப்பாவது, மண்ணாவது!

தம்பி மனைவி கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்தாள். கண் நிறைந்திருந்தது.

"எனக்கும் அதான் தோணுது அண்ணி. பெத்த பொண்ணே என்னைக் கண்டா கத்தறா. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அடுத்தவங்க பிள்ளையைத் தொடறது? நாளைக்கு நான் போகலை. படிச்சது போதும்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று நாத்தனார் எதிர்பார்க்கவே இல்லை. ஜெயித்துவிட்ட மாதிரியும் இருந்தது, எதையோ போட்டு உடைத்துவிட்ட மாதிரியும் இருந்தது. எப்படியோ, நல்ல சேதியைப் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிடுவோம் என்று அறைக்குப் போனாள்.

வாண்டு குப்புறப் படுத்துக் காலாட்டிக்கொண்டே படம் வரைந்துகொண்டிருந்தாள். வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

"இனிமே நீ அழ வேண்டாம்டி தங்கம். அம்மா நாளைக்குப் பரீட்சைக்குப் போகலை. வீட்டுல உன்கூடவே இருக்கப் போறா."

துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், வாண்டின் முகம் கோணியது. உதடு துடித்தது. இந்த ஒரு வாரத்தில் அவள் சத்தமில்லாமல் அழுதது அப்போதுதான்.

"ஏண்டி அழறே? அம்மா பக்கத்துல இல்லேங்கற ஏக்கத்துலதானே தினமும் அந்தக் கூப்பாடு போட்டே?"

பின்னாலேயே வந்த தம்பி மனைவி கதவோரம் நின்றுவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

"ஐயோ அத்தை, அம்மாவைப் போகச் சொல்லுங்க!" வாண்டு விசும்பினாள். "போன பரீட்சையில அம்மாவுக்குச் சோதிச்சுப் பார்க்கக் குடுத்த பாப்பா அழுது, உதைச்சு, அம்மாவைத் தொடவே விடலையாம். அதுலதான் ஃபெயிலாயிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லி அழுதாங்க. அதான் தினமும் நான் அந்தப் பாப்பாவைவிட மோசமா அழுது, அம்மாவைப் பழக்கினேன்!"