விண்மீன் திரளின் இரைச்சல்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், போரால் மின்சாரம் இல்லாத தொண்ணூற்றிரண்டில், ஆசிரியை மங்கையற்கரசி தொலைதூர விண்மீன் திரளொன்றின் வானொலி இரைச்சலைக் கேட்டுவந்தாள். வானொலிக்கு மின்சாரம் தரக் கணவன் யோகரத்தினம் சைக்கிள் டைனமோவை மிதிப்பான். மிதிக்கும் வேகத்துக்கு இரைச்சலும் ஏறி இறங்கும்.

"ஆர் வெளிநாடு போனாலும் உமக்கு மிதிக்கிறது நான்தான். நீர் கேளும்."

கொழும்புக்கென்று புறப்பட்டுப் போன யோகரத்தினம் கனடாவில் வேறு கல்யாணம் செய்துகொண்டதை அவன் தங்கை பூங்கோதை வந்து சொன்னாள்.

மங்கையற்கரசி வானொலியைக் கார் பற்றரியில் இணைத்தாள். பற்றரியின் மின்சாரம் சீரானது. திரளின் இரைச்சல் தானாகக் கூடிக் குறைய மாதக்கணக்காகும். ஆனாலும் அது நொடிக்கு நொடி ஏறி இறங்கியது.

"அண்ணை மிதிக்கிற மாதிரியெல்லே கிடக்கு, அண்ணி!"

மங்கையற்கரசி வானொலியின் அன்ரெனாவை வேறு பக்கம் திருப்பினாள். அசைவு நின்றது. திரளை நோக்கித் திருப்பினாள். தொடங்கியது.

"உந்த அலை இஞ்சை வரக் கோடிக்கணக்கான வருசம் எடுக்கும், பூங்கோதை. இது அவர் மிதிக்கிறதெண்டால், உம்மடை அண்ணை என்னை விட்டு எப்பவோ வெளிக்கிட்டிட்டார்."

இரைச்சல் ஒருகணம் நின்று, மறுபடி தொடங்கியது.