அளவு ஜாக்கெட்

புற்றுநோய்க்காக அம்மாவின் வலது மார்பை எடுத்து மூன்று வருடமாகிறது. இப்போது அவள் உடம்பின் செல்லிலிருந்தே ஆஸ்பத்திரியில் புதிதாக வளர்த்துத் தரப் போகிறார்கள்! எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. அளவை இன்றே சொல்ல வேண்டும், பிறகு மாற்ற முடியாது. தையற்கடைக்குக் கொண்டுபோவதுபோல அளவு ஜாக்கெட் எடுத்துப்போனோம்.

நர்ஸ் அதை விரித்துப் பார்த்தாள். "எப்போ தைச்சதும்மா?"

"கல்யாணத்துக்கு, இருபத்திரண்டு வயசுல," என்று சித்தி முந்திக்கொண்டாள். "அக்கா அப்போ எப்படி இருப்பா தெரியுமா!"

"வலதுக்கு இருபத்திரண்டு வயசு, இடதுக்கு அம்பத்தொண்ணா? சண்டை வந்துராது?" என்றாள் நர்ஸ்.

சித்தியே சிரித்துவிட்டாள். அம்மா சட்டென்று திரைக்குப் பின்னால் போனாள். மூன்று வருடமாக என் முன்னால்கூட உடை மாற்றாதவள், போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றித் திரைக்கு மேலே எறிந்தாள். வலது பக்கத்தில் அடைத்திருந்த பஞ்சு உதிர்ந்தது.

"இதுல இடது பக்கத்தை அளந்துக்கோ தாயி. ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுத்தது அது. அதுக்குக் கூடப்பொறந்தவதான் வேணும், மருமக வேணாம்!"

ஜாக்கெட்டை அளவுக்கு அங்கேயே கொடுத்துவிட்டு, பஸ்ஸில் அம்மா ஆஸ்பத்திரிச் சட்டையோடு, துண்டுகூடப் போர்த்தாமல், நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள்.