சாட்டின் பாவாடை

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குப் போகிறவர்கள் வாசலுக்கு வெளியே இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். பெண்கள் தொட்ட கையைக் கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்கள். அன்று சீனித்தாய்க்கு இரண்டு கையிலும் சல்லடை. தொடாமலே உள்ளே போய்விட்டாள்.

நாலடி வைத்ததும் சேலைக்குள் சடசடவென்று சன்னமாக ஒரு சத்தம்.

வெள்ளி நிற மருந்துக் குவியலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் மாரிக்கனி நிமிர்ந்தாள். "மதினி, உள்ள என்ன கட்டியிருக்கீக?"

சீனித்தாய் குனிந்து பார்த்தாள். சேலை பருத்திதான், உரசினாலும் அவ்வளவாக மின்சாரம் சேராது. பாவாடை? "சாட்டின். உங்க அண்ணன் எடுத்துக் குடுத்தது."

"நல்லா எடுத்தாரு எங்கண்ணன், நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து! எதையும் தொடாதீக. அப்படியே பின்னால போங்க."

மாரிக்கனியின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கதவு திறந்தே கிடந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தூள் பறக்கும். மூச்சைக்கூட அளந்து விட்டபடி, மதினியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து சல்லடைகளை இறக்கிவைத்துவிட்டு, சீனித்தாய் தகட்டை நோக்கி விரலை நீட்டினாள். தொடுவதற்கு முன்பே நீலமாக ஒரு பொறி, டிக்கென்று தாவியது. எறும்பு கடித்த அளவு வலிதான். இந்தத் துளியா அத்தனையையும் தூக்கியிருக்கும்? விரலையே பிரமிப்போடு பார்த்தாள்.

பாவாடையை மாற்றிக் கொடியில் போட்டாள். காற்றே இல்லை. வெளியே வந்த மாரிக்கனி பக்கத்தில் போனதும், பாவாடையின் ஓரம் மெல்ல எழும்பி அவள் கையை நோக்கி நீண்டது.

"பாத்தீகளா மதினி," என்றாள் மாரிக்கனி, கையை இழுக்காமல். "இன்னும் என்னையத்தான் தேடுது."