பாய்லர் ஆபரேட்டரின் பக்கம்

சாயப்பட்டறையில் என் பொறுப்பில் ஒன்பது பேர். நினைவை நம்பி மதிப்பெண் போடாதீர்கள், ஆண்டு முழுவதும் நடப்பதை எழுதிவைத்துப் போடுங்கள் என்று மேற்பார்வையாளர்களுக்கான மாலை வகுப்பில் சொன்னார்கள். ஒரு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு எழுதிவந்தேன். நேற்று புரட்டியபோது, பாய்லர் ஆபரேட்டர் குழந்தைசாமி அண்ணனின் பக்கத்தில் பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை. மதிப்பெண்ணில் கடைசி இடத்தில் இருப்பவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது கம்பெனி வழக்கம். பென்சிலால் பூஜ்யம் போட்டேன், அழித்தேன், மறுபடியும் போட்டேன். பிறகு அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுமே எழுதலையே சார்."

"ஒண்ணும் நடக்கலையே அண்ணே. எதை எழுதறது?"

"ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கறதுதானே சார் என் வேலை."

நோட்டை மூடினேன். மதிப்பெண் படிவம் என்றைக்கு மேலே போகும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன்.

"அப்ப இன்னும் மூணு நாள் இருக்கு" என்று எழுந்தவர், நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனார்.

இன்று காலையிலிருந்து பாய்லர் அறையில் இதுவரை கேட்டிராத ஒரு மெல்லிய சீறல். துணி அலசுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். அறைக்கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. தட்டினேன்.

"எழுதிக்கிட்டீங்களா சார்?" என்று உள்ளிருந்து பணிவாகக் கேட்கிறார்.