தோழர் செய்த ஜெபம்

“ஏட்டையா வாராரு!” ஜன்னலோரம் நின்ற பரிபூரணம் பதறினாள்.

ராஜபாளையத்தில் மில் ஸ்ட்ரைக் தொடங்கியதிலிருந்து நாலு பேருக்கு மேல் கூடத் தடை. ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் செங்கொடி யூனியன் செயலாளர் ஞானதுரை, ஜெபம் என்று சொல்லித் தன் வீட்டிலேயே கமிட்டியைக் கூட்டியிருந்தார். பிடிபட்டால் அத்தனை பேரும் உள்ளே. ஸ்ட்ரைக்கும் அத்தோடு படுத்துவிடும்.

“தோழர், பதிலி ஆளுகளையும்தான் நிப்பாட்டிட்டான். அவுகளுக்கும் சேத்துக் கேப்போமா?” கமிட்டி உறுப்பினர் கருத்தையா அப்போதுதான் பேச்சை எடுத்திருந்தார்.

“நிரந்தரமா இருக்கவுக பாடே பெரும்பாடா இருக்கு. ஆள் வராத அன்னைக்கு மட்டும் வேலைக்கு வாரவுகளப் பொறவு பாப்போம். மொதல்ல முழங்கால் போடும்வே!” என்றார் ஞானதுரை.

ஏட்டு பால்சாமி உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார்.

“ஜெபமா? நடக்கட்டும். நானும் செத்த நேரம் கேக்கேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார்.

ஞானதுரை கோயில் படி மிதித்து வருஷக்கணக்காகிறது. உதவிக்கு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“எத்தன தரம் கூப்பிட்டேன், வந்தீகளா? இப்ப முழிங்க,” என்று முக்காட்டுக்குள்ளிருந்து முணுமுணுத்தாள் பரிபூரணம்.

“பரலோகப் பிதாவே...” என்று எப்படியோ ஆரம்பித்தார். “அன்றன்றுள்ள அப்பத்தைத் தாரும். பஞ்சுத் தூசியைத் தின்னு உழைச்சவுக வீட்டுல அடுப்பு எரியல, பாருமய்யா. வேலை போன ஐயாதுரையை நினைத்தருளும். ராஜரத்தினத்தை நினைத்தருளும். மெகராஜ் பேகத்தை நினைத்தருளும். அந்தப் பிள்ளைக்கு மூணு குழந்தைக, ஆண்டவரே...”

நடிக்க ஆரம்பித்தவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பரிபூரணம் கண்ணைத் திறந்து புருஷனையே பார்த்தாள்.

“ஆமென்!” எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது கருத்தையாதான்.

ஏட்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

“ஜெபம் நல்லாத்தான் இருந்துச்சு, செயலாளரே.”

செயலாளரே! கூட்டம் எதற்கென்று ஏட்டுக்குத் தெரிந்துவிட்டது.

“வேலை போனவுக பேரெல்லாம் சொன்னீக. என் தம்பி பேச்சிமுத்து பேரைக் காணோமே? பதிலின்னா ஆண்டவர்கிட்டகூடச் சொல்ல மாட்டீகளோ?”

ஞானதுரை தலைகுனிந்தார்.

பால்சாமி தொப்பியை மாட்டிக்கொண்டார். “நான் வாசல்ல நின்னு பாத்துக்கிடுதேன். அந்தப் பயலுகளுக்கும் சேத்து, கூட்டத்தை நல்லபடியா பேசி முடிங்க.”