மொட்டை மாடிக் கம்பிகள்

"இன்னிக்கு வெட்டியே தீரணும், ஹாஜி. நகராட்சி உத்தரவு!"

"எதை? உன் தலைமுடியையா? தாராளமா வெட்டிக்கோ. காதை மூடிடுச்சு."

தெருவில் நின்ற ரெத்வானுக்கு முகம் சிவந்தது. நகராட்சிக் கட்டட ஆய்வாளர் அவன். பின்னால் கம்பி வெட்டும் மெஷினோடு இரண்டு ஆட்கள்.

மேலே மொட்டை மாடியில், எண்ணெய்த் துணியும் கையுமாக ஹாஜி லக்தர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைச் சுற்றித் தூண் கம்பிகள் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றன.

கோடையில் தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து அமைச்சர் வருகிறாராம். அவர் கார் போகும் தெருவில் எல்லா வீடுகளுக்கும் பூச்சு பூசி, வெள்ளை அடித்து, மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை வெட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. தெருவே முனகிக்கொண்டு வெட்டிவிட்டது. லக்தர் மட்டும் முடியாது என்றுவிட்டார்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஹூரியா.

"இன்னுமா பேசிட்டிருக்கே, ரெத்வான்? கணக்கு சொல்லிக் குடுத்தப்பவும் நீ இப்படித்தான் முழிச்சே. தெருவே கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது, நடுவுல இந்த முள்ளம்பன்னி!"

"அமைச்சர் என் மாடியைப் பாக்கவா வர்றாரு?" என்றார் லக்தர். "உங்க ரோட்டுப் பள்ளத்துல கார் விழுந்தா, மல்லாந்து கிடக்கிறப்ப வேணா பாப்பாரு."

"அந்தக் கம்பியை வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணப் போறீங்க?" ஹூரியா விடவில்லை.

"மேல் மாடி கட்டப் போறேன். என் மகன் ஃபௌஸி பிரான்ஸ்ல மார்ஸேய்லருந்து வர்றான். பொண்டாட்டி பிள்ளையோட எங்க படுப்பான்? உங்க மடியிலயா?"

"பல வருஷமா வந்துட்டே இருக்கானே! கப்பல் கிடைக்கலைன்னாலும் நீந்தியாவது வந்து சேர்ந்திருக்கலாம்!"

தெருவே சிரித்தது. ரெத்வானும் சிரித்தான். அந்த வேகத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

சமையலறையில் லக்தரின் மனைவி வர்தியா தட்டில் கூஸ்கூஸுக்கு ரவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மேல போறீங்களா, தம்பி? பயப்படாம போங்க. கத்துவாரு, கடிக்க மாட்டாரு. பல் செட்டு இங்க மேசை மேலதான் இருக்கு."

மாடியில் ஆட்கள் மெஷினுக்கு வயரைச் சொருகியதும் லக்தரின் வீறாப்பு எங்கோ போய்விட்டது. ரெத்வானின் சட்டையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"மகனே... அவன் வரமாட்டான்."

"யாரு?"

"ஃபௌஸிதான். அங்கேயே வீடு வாங்கிட்டான். போன ரமலான்ல போன் பண்ணினான். 'வாப்பா, என்னை எதிர்பார்க்காதீங்க. மாடியைக் கட்டுனா வாடகைக்கு விட்ருங்க'ன்னான்."

"அப்புறம் எதுக்கு இந்த ரகளை?"

"கீழ ஒருத்தி இருக்காளே! அவளுக்குத் தெரியாது. தினமும் காலைல கேக்குறா, 'கம்பி நல்லாருக்கா, துரு ஏறலையே?'ன்னு. அதுக்குத்தான் இந்த எண்ணெய்க் கூத்து. படி ஏறி ஏறி ரெண்டு முட்டியும் போச்சு. இதை வெட்டுற சத்தம் அவ காதுல விழுந்தா..."

அவர் துணியால் ஒரு கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ரெத்வான் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். பிறகு ஆட்களிடம் திரும்பினான்.

"மெஷினை எடுங்கப்பா. வேலை நடக்கிற வீட்டுக்கு விலக்கு உண்டு."

"இங்க எங்க சார் வேலை நடக்குது?"

"இப்ப நடக்கும். ஹாஜி, சாயங்காலத்துக்குள்ள கொஞ்சம் செங்கல்லை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வைங்க. கோணலா இருந்தாலும் பரவாயில்லை. எங்க ஆபீஸ் சுவரே கோணல்தான்."

எதிர் ஜன்னல் காறித் துப்பாத குறைதான். "தெரியும்டா! பரீட்சைன்னாலே உனக்கு அன்னிக்கும் வயித்துவலிதானே!"

கீழே இறங்கியவன் கையில் வர்தியா காபியைக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ரெத்வானுக்கு இன்னும் கொஞ்சம் புண்ணியம் தேடலாம் என்று தோன்றியது.

"கவலைப்படாதீங்கம்மா. கம்பி பத்திரமா இருக்கு. உங்க மகன் வர்றப்ப மாடி தயாரா இருக்கும்."

வர்தியா மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். சமையலறைக் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள்.

"அவன் எங்க வரப்போறான்? முதல்ல என்கிட்டதான் சொன்னான். வாப்பாகிட்ட நீயே சொல்லுன்னு நான்தான் சொன்னேன்."

ரெத்வானுக்குக் காபி புரையேறியது. "அப்ப தினமும் கம்பியைப் பத்தி விசாரிக்கிறீங்களாமே?"

"போன் வந்த அன்னிக்குச் சுவரைப் பாத்துப் படுத்தவருதான், தம்பி. சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, என்னைத் திட்டக்கூட இல்லை. எனக்கு பயமாயிடுச்சு. 'கம்பி துரு ஏறுதே, ஃபௌஸி வந்தா கோவிச்சுக்குவானே'ன்னு ஒருநாள் சும்மா சொல்லிப் பாத்தேன். ஐயோ, இவளுக்கு விஷயமே தெரியலையேன்னு பதறி எந்திரிச்சு எண்ணெய்த் துணியைத் தேடினாரு. எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. மறுபடியும் போய்ப் படுத்துக்குவாரு!"